நடுவது இருக்கட்டும், பிள்ளைகள் மரத்தை அளக்கவும் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 5 வந்தால் பள்ளிகளில் மரக்கன்று நடும் படங்கள் உங்கள் நாளிதழில் பக்கம் பக்கமாக வருகின்றன. நடுவது நல்ல காரியம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அரசுப் பள்ளியில் நெடுங்காலமாக அறிவியல் நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மரத்தோடு உள்ள பழக்கம் அந்த ஒரு குழியோடு முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே நூறு வருடம், இருநூறு வருடமாக ஊர் ஓரத்தில் நிற்கிற காட்டுக்குள் அவர்களை யாரும் அழைத்துப் போவதில்லை, அங்கே நிற்பது என்ன மரம், போன வருடத்தைவிடப் பருத்திருக்கிறதா, பட்டுப்போகிறதா என்று பார்க்கச் சொல்வதும் இல்லை.

நான் வேலை பார்ப்பது மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்துப் பள்ளியில். எங்கள் பக்கம் காடு என்றால் மலைக்காடு இல்லை, கோயில் காடு. அய்யனார் கோயிலைச் சுற்றி நிற்கும் அடர்ந்த பச்சைத் திட்டு. புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். சோழமண்டலக் கரையில் உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியல்காரர்கள் சொல்வது இதைத்தான். வருடத்தில் ஆறேழு மாதம் மழையே இல்லாமல் காய்கிற மண்ணில், இலை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கிற மரங்கள். காயா, வீரை, உலக்கைப் பாலை, காட்டெலுமிச்சை, கருங்காலி. காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடுகிறோமே, அந்தக் காயா கிளையோடு ஒட்டி நீலமாகப் பூத்து நிற்பதைப் பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பார்க்கலாம். பார்த்த பிள்ளைகள் ரொம்பக் குறைவு.

எங்கள் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து அந்தக் காட்டில் ஒரு சிறு பாத்தி போட்டோம். இருபது மீட்டருக்கு இருபது மீட்டர், நான்கு மூலையிலும் அடையாளம், அதற்குள் தண்டின் சுற்றளவு பத்து சென்டிமீட்டருக்கு மேல் உள்ள எல்லா மரத்துக்கும் ஓர் எண். அவ்வளவுதான் திட்டம். ஒவ்வொரு மரத்தையும் வருடத்துக்கு ஒருமுறை அளப்பது, செத்தது எது, புதிதாகப் பத்து சென்டிமீட்டரைத் தாண்டியது எது என்று எழுதுவது. இதற்குத் தேவைப்பட்டது ஒரு நீளக் கயிறு, அளவு நாடா, சாக்குக்கட்டி, கோடு போட்ட நோட்டு, அப்புறம் 1.3 மீட்டர் நீளத்துக்கு வெட்டிய ஒரு மூங்கில் குச்சி.

அந்தக் குச்சி எதற்கு என்று கேட்பீர்கள். உலகம் முழுக்கக் காட்டுப் பாத்திகளில் மரத்தின் பருமனைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில்தான் அளக்கிறார்கள். அடியில் வேர் பிதுங்கி இருக்கும், மேலே கை எட்டாது. குச்சியைத் தண்டோடு ஒட்டி நிறுத்தி, நுனி தொடும் இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, நாடாவை முறுக்கில்லாமல் கிடைமட்டமாகச் சுற்ற வேண்டும். மரம் சாய்ந்திருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடுவது, அந்த உயரத்துக்குக் கீழேயே தண்டு இரண்டாகப் பிரிந்தால் என்ன செய்வது, கொடி சுற்றியிருந்தால் நாடாவை எப்படி அடியில் நுழைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி உண்டு. காயா மரம் அடியிலிருந்தே நாலைந்து தண்டாகக் கிளம்பும், ஒவ்வொன்றையும் தனியாக அளந்து ஒரே எண்ணின் கீழே எழுத வேண்டும். ஒரு பிள்ளை "நாற்பத்தேழு புள்ளி ஒண்ணு" என்று சத்தமாகச் சொல்ல, நோட்டு வைத்திருக்கும் பிள்ளை அதையே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதும். அதை 3.14ஆல் வகுத்தால் விட்டம் பதினைந்து சென்டிமீட்டர். வகுப்பில் பை என்றால் முகம் சுளிக்கிற பிள்ளை, காட்டுக்குள் மனக்கணக்காகவே போட்டுவிடுகிறது.

தையல்கடை நாடா வேண்டாம், இழுத்தால் நீளும். ஒரு சென்டிமீட்டரில் கால் பங்குகூட இங்கே முக்கியம், ஏனென்றால் உலக்கைப் பாலை மாதிரி கெட்டி மரங்கள் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் பருக்கும். நாடாவே நீண்டுபோனால் மரம் வளராமலே இருந்ததாக எழுதிவிடுவோம். அதேபோல வருடா வருடம் அதே மாதத்தில் அளக்க வேண்டும். மழை முடிந்த கையோடு மரப்பட்டை ஈரத்தில் உப்பியிருக்கும், வெயில் காலத்தில் கொஞ்சம் சுருங்கும். எங்களுக்கு ஜனவரி பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் சரியாக வருகிறது. வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், அரையாண்டுத் தேர்வு முடிந்திருக்கும், செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும் ஆரம்பித்திருக்காது.

முதல் வருடம் அளந்தபோது ஒரு பையன் கேட்டான்: "சார், மரம் வளர்ந்தா நாம போட்ட கோடு மேல போயிடாதா?" வகுப்பில் பலருக்கும் அப்படித்தான் எண்ணம். போகாது. மரம் உயரமாவது நுனியில்தான், தண்டு பக்கவாட்டில் மட்டும்தான் பருக்கும், ஆகவே கோடு அதே உயரத்திலேயே இருக்கும். பாடப்புத்தகத்தில் ஆக்குத்திசு என்று ஒரு படம் போட்டு இதைத்தான் விளக்கியிருக்கிறது, பிள்ளைகளும் மனப்பாடம் பண்ணி எழுதுகிறார்கள். ஆனால் போன வருடத்துக் கோடு மங்கலாக அதே இடத்தில் இருப்பதைத் தன் குச்சியை வைத்து ஒத்துப் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது. காட்டுக்கு வெளியே வரப்பில் நிற்கும் பனையையும் ஒப்பீட்டுக்காக அளக்கச் சொன்னேன். பனை உயரும், பெரிதாகப் பருக்காது, வருடா வருடம் நாடா ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டும். ஏன் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவித்திலை, இருவித்திலை பாடத்தை அன்றைக்குத்தான் நான் உருப்படியாக நடத்தினேன் என்று சொல்வேன்.

கோயில் காட்டுக்கென்று சில முறைகள் உண்டு, அதை மதிக்காமல் எந்த ஆய்வும் நடக்காது. வழக்கமாகக் காட்டுப் பாத்திகளில் மரத்தில் ஆணி அடித்து அலுமினியத் தகடு மாட்டுவார்கள். சாமி மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார், ஊர்ப் பெரியவர்களும் அதையே சொன்னார்கள். சரி என்று ஒரு மூலையிலிருந்து கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர் என்று ஒவ்வொரு மரத்தின் இடத்தையும் அளந்து கட்டம் போட்ட தாளில் வரைபடமாகக் குறித்துவிட்டோம். மரத்தில் எதுவுமே மாட்ட வேண்டியதில்லை, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மரத்தையும் தேடிப் போய்விடலாம். பாத்தியின் ஒரு மூலைக்கு அங்கே இருக்கிற பழைய மண் குதிரையே அடையாளம். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போகிறோம், ஒரு சுள்ளியைக்கூட வெளியே கொண்டுவருவதில்லை. விழுந்த இலையை அடையாளம் பார்ப்பதும் அங்கேயே. இந்தக் கட்டுப்பாடுகளால்தான் அந்தக் காடு இத்தனை காலம் பிழைத்திருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதெல்லாம் புதிய யோசனை இல்லை, நானாகக் கண்டுபிடித்ததும் இல்லை. முதுமலையில் 1988இல் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ராமன் சுகுமார் குழுவினர் 50 ஹெக்டேரில் ஒரு நிரந்தரப் பாத்தி அமைத்து, ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள செடியிலிருந்து தொடங்கி 25,000க்கும் மேற்பட்ட தண்டுகளை எண்ணிட்டு அளந்தார்கள். அன்றிலிருந்து திரும்பத் திரும்ப அளக்கப்படுவதால்தான் யானை உடைத்துத் தின்று குறைந்தது எந்த மரம், தீயில் சின்ன மரங்கள் எந்த அளவுக்குச் சாகின்றன, வறட்சியை எது தாங்குகிறது என்றெல்லாம் இன்றைக்குப் பேச முடிகிறது. எங்கள் கரையிலேயே கடலூர் மாவட்டத்துக் குழந்தைக்குப்பம், திருமாணிக்குழி கோயில் காடுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் மரங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். புதுச்சேரியில் 1955 முதல் பிரெஞ்சு நிறுவனம் இருக்கிறது, தென்னிந்தியத் தாவரங்களின் பெரிய உலர்மாதிரித் தொகுப்பு அங்கே உண்டு. ஆரோவில்லில் இதே உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை வெறும் செம்மண் பொட்டலில் மீண்டும் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். இவ்வளவும் எங்கள் பிள்ளைகள் பேருந்தில் கடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன, ஆனால் இதில் எதுவும் பள்ளிக்கூட வாசலுக்குள் வந்ததில்லை. கேரளத்தில் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்துகொண்டு வாரம் ஒருமுறை தளிர், பூ, காய் என்ன நிலையில் இருக்கிறது என்று பதிகிறார்கள். பக்கத்து மாநிலத்தில் முடிகிற காரியம் இங்கே முடியாமல் போக ஒரு காரணமும் இல்லை.

ஏன் இது அவசரம் என்றும் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்து எத்தனை குடும்பம் நொடிந்தது என்று இந்த மாவட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். அதே புயலில் எங்கள் கோயில் காட்டில் என்ன விழுந்தது, என்ன நின்றது? காடு பரவாயில்லை, தாங்கிக்கொண்டது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். எந்த மரம் தாங்கியது, எது முறிந்தது, முறிந்தது மறுபடி தழைத்ததா என்று கேட்டால் பதில் சொல்ல யாரிடமும் ஓர் ஏடு இல்லை. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நிலைமை வேறு. தண்ணீர் வடிந்து பள்ளி திறந்ததும் பிள்ளைகளே கேட்டார்கள், பாத்தியைப் பார்க்கப் போகலாமா என்று. வரைபடத்தை வைத்துக்கொண்டு எந்த எண்ணுள்ள மரத்தில் கிளை முறிந்திருக்கிறது, எது சாய்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். அடியோடு சாய்ந்துவிட்டது என்று நாங்கள் நினைத்த ஒரு காயா, அடுத்த அளவெடுப்பின்போது பக்கத்திலிருந்து இரண்டு புதுத் தண்டு விட்டிருந்தது. புயலுக்குப் பிறகு சாலையோரத்தில் என்ன மரம் வைப்பது என்று அதிகாரிகள் கூட்டம் போட்டுப் பேசும்போது, கையில் இருக்க வேண்டியது இந்த மாதிரி ஏடுகள்தான். இந்தக் கரையில் புயல் இன்னும் எத்தனையோ வரும்.

மாநில அரசு 2022இல் பசுமை இயக்கம் தொடங்கி, பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தப்போவதாகச் சொல்லியிருக்கிறது. மதுரை அரிட்டாபட்டி, அதற்குப் பிறகு 2025இல் திண்டுக்கல் காசம்பட்டி கோயில் காடு ஆகியவை பல்லுயிர் மரபுத் தலங்களாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. காசம்பட்டி கோயில் காடு ஐந்து ஹெக்டேருக்கும் குறைவான சின்னத் திட்டுதான். அதற்கு இந்த மதிப்பு கிடைத்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அறிவித்துப் பலகை வைத்ததும் வேலை முடிந்துவிடாது. அங்கன்வாடியில் பிள்ளையை மாதாமாதம் எடை போட்டுப் பார்க்கிற மாதிரி, பாதுகாக்கிறோம் என்று சொல்லும் காட்டையும் அளந்து பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அது தேறுகிறதா தேய்கிறதா என்று தெரியும். ஓரத்தில் வேலிக்காத்தான் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது, உண்ணிச்செடி எங்கே பரவுகிறது, பெரிய மரங்களுக்கு அடியில் அதே வகைக் கன்றுகள் முளைக்கின்றனவா, இல்லை ஆடு மேய்ந்தும் ஆள் மிதித்தும் ஒன்றுமே தங்கவில்லையா. கடைசிக் கேள்விதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது. மேலே பார்த்தால் காடு பசேலென்று இருக்கும், கீழே அடுத்த தலைமுறை இருக்காது. கார் நிறுத்தவும் பொங்கல் வைக்கவும் என்று கோயிலைச் சுற்றிச் சிமென்ட் தளம் போடும் ஊர்களில் இது கண்ணெதிரே நடக்கிறது.

இவ்வளவு பயனுள்ள வேலையைப் பள்ளிகள் ஏன் செய்வதில்லை என்றால், சொல்கிறேன். முதல் தடை அனுமதி. நாங்கள் ஆரம்பிக்க நினைத்தபோது ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம், அது தங்கள் எல்லையில் வராது என்று இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள், அங்கே போனால் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறதா என்று கேட்டார்கள். கயிறும் நோட்டும் கொண்டுபோய் மரத்தைத் தொட்டுப் பார்க்கச் சுற்றறிக்கை வேண்டுமா? கடைசியில் ஊர்க் கூட்டத்தில் பேசி, கோயில் நிர்வாகத்தில் எழுத்தில் வாங்கித்தான் உள்ளே போனோம். காப்புக்காடாக இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது. மாவட்ட வன அலுவலரும் மாவட்டக் கல்வி அலுவலரும் சேர்ந்து வருடத்தில் ஒருமுறை, விருப்பமுள்ள பள்ளிகளின் பட்டியலுக்கு மொத்தமாக அனுமதி கொடுத்து, பள்ளிக்கு ஒரு வனக் காப்பாளரை அறிமுகப்படுத்திவிட்டால் போதும். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறையும் இதே மாதிரி செய்யலாம்.

இரண்டாவது, ஆசிரியர் மாறுதல். இதைக் கல்வித் துறைக்கு வெளியே உள்ளவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் ஏதாவது தொடங்குவார், பொது மாறுதல் கலந்தாய்வில் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார், அவரோடு நோட்டும் போய்விடும் அல்லது பீரோவுக்கு மேலே தூசி படியும். மரத்துக்கு ஒரு வருடக் கணக்கு ஒன்றும் இல்லை, பத்து வருடம் சேர்ந்தால்தான் அது எதையாவது சொல்லும். ஆகவே மாணவர் சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு போல மரப் பதிவேடும் பள்ளியின் நிரந்தர ஆவணமாக இருக்க வேண்டும். தலைமையாசிரியர் பொறுப்பு மாறும்போது கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கிற பட்டியலில் அதுவும் வர வேண்டும். இது ஒன்று நடந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பணம் பெரிய தடை இல்லை. தேசிய பசுமைப் படை 2001 முதல் இருக்கிறது, பல பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றம் உண்டு, வருகிற சிறு தொகையில் ஒரு பங்கு நாடாவுக்கும் நோட்டுக்கும் தாராளமாகப் போதும். சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991லேயே சொல்லிவிட்டது. அதை நாம் எதைச் செய்து நிறைவேற்றுகிறோம்? பக்கங்களை அதிகமாக்கி, ஒரு மதிப்பெண் கேள்விகளை அதிகமாக்கி.

பாம்பு இருக்கும், பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மழை பெய்கிற நாளில் உள்ளே போவதில்லை, சருகு மூடிய இடத்தில் குச்சியால் தட்டிப் பார்க்காமல் கால் வைப்பதில்லை, பொந்துக்குள் கை விடுவதில்லை, ஆளில்லாமல் தனியாக யாரும் பிரிந்து போவதில்லை. பெற்றோரில் இரண்டு மூன்று பேர் கூடவே வருகிறார்கள். ஆடு மேய்க்கிற ஒரு தாத்தா முதல் வருடத்திலிருந்து வருகிறார். என் படிப்பில் லத்தீன் பெயரோடு நின்றுபோன பல மரங்களுக்கு எந்தக் காய் எந்த மாதம் பழுக்கும், எதை எந்தப் பறவை தின்னும் என்று அவர்தான் சொன்னார். வீரைப் பழம் சிவந்தால் மைனாவும் குயிலும் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதுவரை பிள்ளைகள் அவரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அவருடைய பேத்தி எட்டாம் வகுப்பில் படிக்கிறாள், பாத்தி வரைபடத்தை இந்த வருடம் புதிதாக வரைந்தது அவள்தான்.

உங்கள் நாளிதழுக்கு ஊருக்கு ஊர் செய்தியாளர்கள் இருக்கிறார்கள். எந்தப் பள்ளிக்குப் பக்கத்தில் கோயில் காடோ, காப்புக்காடோ, பழைய ஏரிக்கரைத் தோப்போ இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தத் தலைமையாசிரியர்களிடம் இதைப் பேசச் சொல்லுங்கள். வன அலுவலர்களைப் பேட்டி எடுக்கும்போது எத்தனை லட்சம் கன்று என்று கேட்பதோடு, எத்தனை பள்ளிக்கு அளக்க அனுமதி கொடுத்தீர்கள் என்றும் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அரசுக் கல்லூரித் தாவரவியல் துறைகள் ஆளுக்கு மூன்று நான்கு பள்ளிகளை எடுத்துக்கொண்டு மர அடையாளத்துக்கு உதவலாம், அவர்களுடைய மாணவர்களுக்கும் அது களப்பயிற்சி.

வருகிற பொங்கல் முடிந்ததும் தொடங்க நினைக்கிற பள்ளிகளுக்கு எங்களால் முடிந்ததைச் செய்கிறோம். அளவெடுக்கும் படிவம், சாய்ந்த மரத்தையும் பிரிந்த தண்டையும் அளக்கும் விதிகள், வரைபடம் போடும் முறை எல்லாம் நாலு பக்கத் தாளில் பிள்ளைகளே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் அலுவலகத்துக்கு ஒரு பிரதியை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
மரக்காணம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்